ரெய்னோ தன் சுவரை அறுத்த குளிர்காலம்

என் அக்காள் ஹில்யாவின் கோழிகள் குடியிருந்த வீட்டை நீங்கள் பார்த்திருந்தால் எனக்கு வந்த வயிற்றெரிச்சல் உங்களுக்கும் வந்திருக்கும். என் வீட்டு ஜன்னல் இடுக்கில் பனி தூவும். கதவடியில் பழைய கோட்டைச் சுருட்டித் திணித்துவைத்திருப்பேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பதினாறு பெட்டைகளும் ஒரு சேவலும் தேவதாரு மர வீட்டில், இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு என்னை வேடிக்கை பார்க்கும்.

"மச்சான், நானும் முட்டை போடறேன். எனக்கும் இப்படி ஒண்ணு கட்டிக் குடுங்க" என்று அக்காள் புருஷனிடம் கேட்டேன்.

"ம்" என்றார் ரெய்னோ சாரெலா. அவ்வளவுதான். அந்த மனிதரிடம் மூன்று விதமான "ம்" உண்டு. குட்டையாக வந்தால் சரி என்று அர்த்தம். நீட்டினால் முடியாது. நடுவாந்தரமாக வந்தால், நீ சொன்னது காதில் விழுந்தது, ஆளை விடு என்று அர்த்தம். எனக்குக் கிடைத்தது மூன்றாவது.

இருபத்திரண்டு வருஷம் செப்புச் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை பார்த்தவர் அவர். மேலே தொங்கும் பாறை ஆட்கள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவைகூட விழவில்லை. ஆனால் தூசி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. நாற்பத்தேழு வயதில், இனிமேல் கீழே போனால் ஆளாக மேலே வரமாட்டாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்குச் சுரங்கத்தை விட்டவர் கோடாரியைக் கையில் எடுத்தார். சௌனா கட்ட ஆரம்பித்தார்.

எங்கள் ஓட்டர் ஆற்றுப் பக்கத்தில் யார் காடு வாங்கினாலும் முதலில் கட்டுவது நீராவிக் குளியல் போடும் சௌனாதான். அதிலேயே குடியிருந்துகொண்டு அப்புறம்தான் வீடு கட்டுவார்கள். ஹில்யாவும் நானும் பிறந்தது அப்பாவின் சௌனாவில். சனிக்கிழமை குளிக்காத ஆளை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பக்கத்தில் உட்காரவிட மாட்டோம். அப்படிப்பட்ட ஊரில் நல்ல சௌனா கட்டுகிறவனுக்குப் பாதிரியாருக்குக் கொடுக்கிற மரியாதை உண்டு. சொல்லப்போனால் கொஞ்சம் கூடவே உண்டு.

ரெய்னோ கட்டினால் ஆணி கிடையாது, சாந்து கிடையாது. மேல்மரத்தின் வயிற்றை, கீழ்மரத்தின் முதுகு எப்படி இருக்கிறதோ அப்படியே குடைவார். நடுவில் ஒரு விரல்கனம் பாசி. மூலையில் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டுவிடும். வேலை முடிந்ததும் இடுப்பிலிருக்கும் கத்தியை உருவி வீட்டுக்காரரிடம் நீட்டுவார். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே எங்கேயாவது முனை நுழைகிறதா, பார்த்துக்கொள் என்று அர்த்தம். வாயைத் திறந்து சொல்லமாட்டார். ஒருத்தராலும் நுழைக்க முடிந்ததில்லை.

அவர் ஹில்யாவைப் பெண் கேட்டதும் அப்படித்தான். சுரங்கத்தில் இருந்த காலத்திலேயே லீவு நாட்களில் வந்து அப்பாவுக்குப் புதுசாக ஒரு சௌனா கட்டினார். மூன்று வாரத்து வேலையை ஏழு வாரம் இழுத்தார். மனுஷனுக்குக் கை ஓடவில்லையோ என்று அப்பாவே சந்தேகப்பட்டார். கடைசி நாள் கத்தியை உருவி, அப்பாவைத் தாண்டிப் போய் ஹில்யாவிடம் நீட்டினார். அவள் நாலு சுவரையும் குத்திப் பார்த்துவிட்டு, "நுழையல. சரி, கல்யாணத்த எப்ப வெச்சிக்கலாம்?" என்றாள். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவள் என் அக்காள். அன்றைக்கு ஆரம்பித்தது, நிற்கவே இல்லை.

ஒரே மகள் இர்யா. அவள் டெட்ராய்ட்டில் ஆபீஸ் வேலைக்குப் போனாள், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். வீட்டில் பேச்சைக் கேட்டுத் திருப்பிப் பேச ஆளில்லை. அக்டோபரில் பனி விழ ஆரம்பித்தால் ஏப்ரல் வரைக்கும் ஜன்னல் பாதி மூடித்தான் கிடக்கும். ஹில்யா அடுப்போடு பேசிப் பார்த்தாள், ரேடியோவோடு சண்டை போட்டுப் பார்த்தாள். கடைசியில் கோழி வாங்கினாள்.

"உன் மச்சான்கிட்ட பேசினா சுவத்துல முட்டிக்கிற மாதிரி இருக்குடி. கோழி தலையச் சாய்ச்சாவது கேக்குது. ஒண்ணு ரெண்டு பதிலும் சொல்லுது" என்றாள் என்னிடம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் என் சிரிப்பும் போய்விட்டது.

முதல் வருஷம் பழைய மாட்டுக்கொட்டகையில் விட்டாள். பலகை இடுக்கெல்லாம் காற்று. ஏரிப்பக்கத்திலிருந்து அடிக்கிற காற்று கோழிகள் அடைகிற கம்பு மேலேயே நேராக வீசியது. தப்பிப் பிழைத்ததை இடுக்கு வழியாக நுழைந்த பனிக்கீரி தின்றது. ஜனவரி முடிவதற்குள் ஒன்றுகூட மிச்சமில்லை. ஹில்யா அதற்குப் பிறகு மூன்று வாரம் யாரிடமும் பேசவில்லை. அவள் பேசாமலிருந்து நான் பார்த்ததேயில்லை. பயமாக இருந்தது.

அந்த வசந்தத்தில் ஒரு நாள் மூன்று பேரும் அவர்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தோம். காபி, ஏலக்காய் ரொட்டி. ஹில்யா ரொட்டியை அறுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"இன்னொரு தடவ குஞ்சு வாங்கப் போறேன். இது கடைசி. இதுங்களும் மார்ச்சு மாசத்தப் பாக்காம செத்துதுன்னா, இனிமே குளிர்காலம் பூரா நான் இர்யாகிட்ட டெட்ராய்ட் போயிடறேன். ஆறு மாசம் யாரும் வாயத் தொறக்காத வீட்டுல என்னால இருக்க முடியாது ரெய்னோ. உன்மேல கோவத்துல சொல்லல. முடியலய்யா, அவ்ளோதான்."

ரெய்னோ கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ம்" கூட வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷா, போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வெந்துவிடுமா? அவர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மறுநாள் விடியும்போது காட்டில் கோடாரிச் சத்தம் கேட்டது.

அந்தக் கோடை முழுக்கக் கோழிக்கு வீடு கட்டினார். சௌனாவுக்கு எப்படி மரம் பொறுக்குவாரோ அப்படி. சதுப்பு நிலத்திலிருந்து தேவதாரு. பாசியைத் தானே போய்ப் பறித்து, காயவைத்து, உதறிக்கொண்டுவந்தார். பனிக்கீரி வரக்கூடாது என்று கல் அஸ்திவாரம். சூடு மேலே போய்விடக்கூடாது என்று தாழ்ந்த கூரை. தெற்கே பார்த்த ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. கதவு மூடும்போது தொப்பென்று காது அடைக்கும், அவ்வளவு கச்சிதம்.

ஊரே வந்து பார்த்தது. பக்கத்துப் பண்ணை வில்ஹோ உள்ளே போய்த் திரும்பி வந்து, "ஹில்யா, ஒரு ரூம் வாடகைக்குக் கெடைக்குமா? என் பொண்டாட்டி கொறட்ட தாங்கல" என்றான். ரெய்னோவின் காது சிவந்தது. அவருக்குச் சந்தோஷம் என்றால் அதுதான் அடையாளம். கத்தியை உருவி ஹில்யாவிடம் நீட்டினார். அவள் குத்திப் பார்த்தாள். நுழையவில்லை.

"எல்லாம் சரிய்யா. ஆனா காத்து எங்கேருந்து வரும்?" என்றாள்.

அன்றைக்கு அவர் முழு வாக்கியமாகப் பேசினார். "நெருப்பு இருக்கற எடத்துக்குத்தான் ஓட்டை. நெருப்பே இல்லாத எடத்துக்கு எதுக்கு?"

எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். சௌனாவில் அடுப்பு எரிகிறது, அதனால் உச்சியில் ஒரு கை அகலத்துக்கு ரெப்பானா என்ற துவாரம் வைக்கிறோம். புகையும் புழுக்கமும் அது வழியாகப் போகும். குளிர்ந்த கோழி வீட்டில் ஓட்டை வைக்கிறவன் பைத்தியக்காரன். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், நானும் தலையாட்டினேன். பழி முழுக்க மச்சான் தலையில் போடுவது நியாயமில்லை.

நவம்பர் நன்றாகப் போனது. டிசம்பர் பாதியில் ஜன்னலுக்கு உள்பக்கம் உறைபனி படிந்தது. அப்புறம் கூரைக்கு உள்பக்கமும். காலையில் கதவைத் திறந்தால் மூத்திர நெடி மூக்கில் அறையும், கண் எரியும். தரையில் போட்ட வைக்கோல் நசநசவென்று இருக்கும். நல்ல வெள்ளைக் கோழிகள், பெரிய சிவப்புக் கொண்டை. அந்தக் கொண்டை நுனியெல்லாம் முதலில் வெளுத்தது, பிறகு கறுத்தது. சேவலுக்கு ஹில்யா கேப்டன் என்று பெயர் வைத்திருந்தாள். கேப்டனின் கொண்டையில் மூன்று பல் காய்ந்து உதிர்ந்துவிட்டது.

"குளுருது அதுங்களுக்கு" என்றார் ரெய்னோ. கதவு ஓரத்தில் இன்னும் பாசி அடைத்தார். கதவுக்கு உள்பக்கம் சாக்கு தொங்கவிட்டார். வெளிச்சுவர் முழுக்கப் பனியை வாரி அணைத்துவைத்தார்.

இன்னும் மோசமானது. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் ஒரு பெட்டை இழுத்து இழுத்து மூச்சு விட்டு ஹில்யாவின் மடியிலேயே செத்தது. புது வருஷத்தன்று இன்னொன்று. அன்று மத்தியானம் ஹில்யா என் கடைக்கு வந்தாள். கூட்டுறவுக் கடையில் கல்லா என்னுடையது, தபாலும் என் கையில்தான். டெட்ராய்ட் விலாசம் எழுதிய உறையை நீட்டினாள். நீட்டிவிட்டு, "இரு, குடு. இன்னிக்கு வேணாம்" என்று திரும்ப வாங்கி ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா எழுதியிருக்க?"

"ரூம ஒழிச்சி வைன்னு."

 அவள் போனால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் எனக்குத்தான் யார் இருக்கிறார்கள்? அந்தச் சுவரும், அந்தச் சுவரைக் கட்டின மனிதரும். அன்று சாயங்காலமே போய் மச்சானிடம் சண்டை போட்டேன்.

"உள்ள ஈரம் கொட்டுது மச்சான். மூக்கு இல்லியா உங்களுக்கு? ஒரு ஓட்டையப் போட்டா கொறஞ்சா பூடுவீங்க?"

"குளுரு பூஜ்யத்துக்குக் கீழ இருபது போவுது. ஓட்டை போடவா?"

"போட்டுத்தான் பாருங்களேன்!"

"என் சுவத்துலயா?" என்றார். அந்த இரண்டு சொல்லுக்கு மேல் அவரை அசைக்க முடியவில்லை.

ஹில்யா வாதாடவே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வில்ஹோவோடு விறகு வெட்டப் போயிருந்தபோது, அக்குளுக்கு ஒன்றாகக் கோழிகளைத் தூக்கிக்கொண்டுபோய் அவருடைய சொந்த சௌனாவில் விட்டாள். நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டேன். கேப்டனைத் தூக்கியதும் நான்தான், கையில் தழும்பு இருக்கிறது.

மறுநாள் சனிக்கிழமை. ரெய்னோ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குளிக்கும்போது உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலைக்கொத்தோடு சௌனாவின் கதவைத் திறந்தார். மேல்படியில், அவர் வழக்கமாக உட்காருகிற மூலையில், கேப்டன் நின்றுகொண்டிருந்தது. கீழ்ப்படி முழுக்கப் பெட்டைகள். ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குள் முட்டை வைத்திருந்தது. நானும் ஹில்யாவும் சமையலறை ஜன்னலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அவர் நெடுநேரம் அங்கேயே நின்றார். பிறகு கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, துண்டோடு ரோட்டில் இறங்கி வில்ஹோ வீட்டுப் பக்கம் நடந்தார்.

ஒரு மைல் நடந்து அடுத்தவன் சௌனாவில் போய்க் குளித்த சௌனாக்காரன்! ஊர் சும்மா விடுமா? கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னிடம்தான் கேட்டார்கள். "ஏம்மா சைமா, கோழிங்களுக்கு முதுகு தேச்சிவிடறது யாரு?" "அவிச்ச முட்டைக்கு இனிமே அடுப்பே வேணாமே!" நான் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்துத்தான் அனுப்பினேன். என் மச்சானை நான் திட்டலாம், இவர்கள் யார்?

இரண்டாவது சனிக்கிழமையும் வில்ஹோ வீட்டுக்கே போனார். ஹில்யாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் சௌனாவில் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. நெருப்பு மூட்டாத சௌனா அது, வெளியே இருக்கிற அதே குளிர். இருந்தும் ஒரு கோழிகூடச் சாகவில்லை. மூச்சு இழுப்பு நின்றுவிட்டது. வைக்கோல் கையில் எடுத்தால் மொறுமொறுவென்று உதிர்ந்தது. ஹில்யா வாஸ்லின் தடவிய கொண்டைகளில் புண் காய்ந்து புதுத்தோல் வர ஆரம்பித்தது.

மூன்றாவது சனிக்கிழமை காலை நான் முட்டை வாங்கப் போனபோது சௌனாக் கதவு திறந்திருந்தது. ரெய்னோ உள்ளே கீழ்ப்படியில் கோழிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பிர்ச் பட்டை ஒன்றைக் கொளுத்தி அணைத்துக் கையில் பிடித்திருந்தார். சுரங்கத்துக்குள் காற்று எந்தப் பக்கம் நடக்கிறது என்று பார்க்க இப்படித்தான் செய்வார்களாம், பின்னால் ஹில்யா சொன்னாள். புகை நேராக மேலே போய், உச்சியில் திறந்திருந்த ரெப்பானா வழியாக நழுவிப் போனது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார், ஒரு இருமல் இல்லை.

பிறகு எழுந்து கோழி வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன், எனக்கென்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. பதினைந்து நாள் கோழியே இல்லாத வீடு. இருந்தும் கூரையில் உறைபனி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, நெடி அப்படியே நின்றது. பட்டையைக் கொளுத்தி அணைத்தார். புகை எழுந்து, கூரையைத் தொட்டு, திரும்பி இறங்கி, கோழிகள் அடைகிற கம்பு மட்டத்தில் வந்து தங்கியது. அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து இருமினார். நான் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தேன்.

பனியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மீசையில் உறைந்தது.

"நெருப்பு இல்லன்னு நெனச்சேன் சைமா. பதினாறு கோழி மூச்சு விடுது. மூச்செல்லாம் தண்ணி. அந்தத் தண்ணிதான் அதுங்க கொண்டையில உக்காந்து ஒறையுது. குளுரு கொல்லல. ஈரம்." கொஞ்சம் நிறுத்தி, "நான் கொன்னேன்" என்றார்.

"ஐயோ மச்சான், அப்படியெல்லாம் பேசாதீங்க. நானுந்தானே தலையாட்டினேன்."

"ரம்பத்த எடு."

அவர் ரம்பத்தைச் சுவரில் வைத்தபோது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்துவிட்டு, எடுத்தார். மறுபடி வைத்தார். வாழ்நாளில் தான் பூட்டிய மரத்தை அவர் அறுத்ததே கிடையாது. ஹில்யா இருமல் சத்தம் கேட்டு ஓடி வந்தாள். ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ரம்பம் இறங்கியது. தேவதாருத் தூள் அவள் தலைத்துணி முழுக்கக் கொட்டியது.

கூரைக்கு நேர் கீழே, கிழக்குச் சுவரில் ஒரு முழ நீளத்துக்கு அறுத்தார். கையை வைத்துப் பார்த்தார். போதாது என்று சுவர் நீளம் முழுக்க அறுத்தார். எதிர்ச் சுவரிலும் அப்படியே. நாலு விரல் அகலம். கோழி தலைக்கு ரொம்ப மேலே இருக்க வேண்டும், காற்று அதுங்க தலைக்கு மேலேயே வந்து மேலேயே போக வேண்டும் என்று அடைகிற கம்புகளைக் கழற்றித் தாழ்த்தினார். உருண்டைக் கம்பை வீசிவிட்டுத் தட்டையான பலகையைப் போட்டார், கோழி உட்காரும்போது கால்விரல் முழுக்க வயிற்று இறகுக்குள் அடங்கும். பனிக்கீரிக்குக் கம்பிவலை. புயல் அடிக்கும் பக்கத்தை மட்டும் தாழ்த்திக்கொள்ளக் கீல் வைத்த பலகை. எல்லாவற்றையும் முடிக்க எட்டு நாள் ஆனது. அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

வில்ஹோ வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். "ஏன்டா ரெய்னோ, கத்தி முனை நுழையாத சுவத்துல இப்ப என் தொப்பி நுழையுதே!"

"ம்" என்றார் ரெய்னோ. குட்டை "ம்". சரிதான் என்று ஒப்புக்கொண்டார். வில்ஹோவுக்கு அதற்கு மேல் கிண்டல் செய்ய வாய் வரவில்லை. அவனே உட்கார்ந்து கம்பிவலைக்கு ஆணியடித்தான்.

பிப்ரவரி ஆரம்பத்தில் கோழிகளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டோம். காலையில் அதுங்களுக்குச் சுடுதண்ணீர் வைக்கிற வேலையை ரெய்னோ தானாகவே எடுத்துக்கொண்டார். ஹில்யாவின் உறை இன்னும் ஏப்ரன் பைக்குள் இருந்தது. ஓரமெல்லாம் மடங்கி அழுக்காகிவிட்டிருந்தது. தூக்கிப் போடவும் இல்லை, என்னிடம் கொடுக்கவும் இல்லை. மார்ச்சு வரட்டும் என்றாள்.

இரண்டாவது வாரம் அந்தக் குளிர் வந்தது. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று. மரமெல்லாம் வெடிக்கிற சத்தம் துப்பாக்கி சுட்டது போலக் கேட்டது. என் வீட்டில் வாளித் தண்ணீர் அடுப்புக்குப் பக்கத்திலேயே உறைந்துபோனது. எனக்குத் தூக்கமில்லை. நாலு விரல் அகலத்துக்கு இரண்டு பக்கமும் சுவரைத் திறந்து வைத்திருக்கிறாரே, நான்தானே போடுங்கள் போடுங்கள் என்று உயிரை வாங்கினேன், அதுங்கள் எல்லாம் கட்டையாகக் கிடந்தால் என் அக்காளை நானே வண்டியேற்றி அனுப்பின மாதிரிதானே என்று புரண்டுகொண்டிருந்தேன். விடிந்ததும் விடியாததுமாகக் கோட்டை மாட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினேன்.

கோழி வீட்டுக்குக் கிழக்கே, அறுத்த இடத்துக்கு நேர் கீழே ஹில்யா நின்றுகொண்டிருந்தாள். கையில் காபிக் கோப்பை. என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தாள். கோழிகள் செத்துவிட்டன என்றே நினைத்தேன். 

அப்புறம்தான் காதில் விழுந்தது. உள்ளே ஒரு ஆள் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குரலை நான் முப்பது வருஷமாகக் கேட்டிருக்கிறேன், ஆனால் இத்தனை வார்த்தைகளோடு கேட்டதில்லை.

"குடிங்க, ஆறிப்போறதுக்குள்ள குடிங்க. முப்பத்தொண்ணுடி, தெரியுமா? ஒருத்தியும் சாகல. நல்ல புள்ளைங்க. கொண்டையக் காட்டு கேப்டன். காஞ்சி கெடக்கு, நல்லாருக்கு. இன்னும் ஒரு ரெண்டு வாரம் தாக்குப் புடிங்க. உங்க கால்ல விழறேன். நீங்க செத்தா அவ போயிடுவா. அவ ஒண்ணு சொன்னா சொன்னதுதான், உங்களுக்குத் தெரியாது அவள."

தண்ணீர் ஊற்றுகிற சத்தம். ஒரு பெட்டை ஏதோ பதில் சொன்னது.

"காபி எனக்கே போடத் தெரியும்டி. அது இல்ல விஷயம். அவ பேசுவா, நான் கேப்பேன். நான் கேக்கலன்னு நெனச்சிக்கிட்டிருக்கா. ஒண்ணு விடாம கேக்கறேன். சொரங்கத்துக்குள்ள எறங்கினப்புறம் அவ காலைல பேசினதத்தான் நாள் பூரா நெனச்சிக்கிட்டு இருப்பேன். மாடு கன்னு போட்டது, இர்யாவுக்குப் பல்லு மொளச்சது, சைமா யாரோடயோ சண்ட போட்டது. அதனால உள்ள இருட்டே தெரியல எனக்கு. இருபத்திரண்டு வருஷம். இத அவகிட்ட சொல்லணும். சொல்லலாம்னு வாயத் தொறந்தா 'ம்'னுதான் வருது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு கேப்டன்."

ஹில்யாவின் கன்னத்தில் வழிந்தது அங்கேயே உறைந்துகொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை. ஏப்ரன் பைக்குள் கையை விட்டு அந்த உறையை எடுத்தாள். இரண்டாகக் கிழித்தாள், நாலாகக் கிழித்தாள். எட்டி, கம்பிவலை வழியாக ஒவ்வொரு துண்டாக உள்ளே போட்டாள்.

உள்ளே பேச்சு நின்றுவிட்டது. கோழிகள் காகிதத்தைக் கொத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான் எங்கயும் போகலய்யா" என்றாள் ஹில்யா சுவரைப் பார்த்து.

வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எவ்ளோ நேரமா அங்க நிக்கற?"

"ஒம்போது நாளா" என்றாள் என் அக்காள்.

உள்ளே யாரோ பலமாக மூக்கைச் சிந்தினார்கள். கோழிகள் ஒன்றுக்கும் சளி இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.